ஆயுத பூஜையன்று கிளம்பாத வண்டி

எதிர் ஃபிளாட்டுக்காரர் இன்று காலை தன் காரின் பானெட்டைத் திறந்துவைத்து உள்ளே ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். பால்கனியில் பல் தேய்த்துக்கொண்டிருந்த நான் வாயில் நுரையோடு கத்திவிட்டேன். "சார், அங்கே தண்ணி அடிக்காதீங்க!" அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "அங்கிள், இப்போ எல்லாம் சீல் பண்ணித்தான் வருது. ஒண்ணும் ஆகாது." அவர் மனைவி ஒரு கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தாள். இளஞ்சூடான இஞ்சின்மேல் ஈரச் சந்தனம் பட்டதும் ஒரு வாசனை வருமே, சந்தனமும் எண்ணெயும் ரப்பரும் கலந்து, அது இரண்டாவது மாடிவரைக்கும் ஏறி வந்தது. அதற்கப்புறம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காப்பி ஆறிப்போயிற்று. பேப்பரில் ஒரே பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். விஜயா எட்டிப்பார்த்து, "என்ன, கால்ல சக்கரம் கட்டிக்கிட்ட மாதிரி நடக்கறீங்க?" என்றாள். அது அவள் உன்னைச் சொல்கிற பேச்சு. நீ போனபிறகு அதை என் தலையில் கட்டிவிட்டாள்.

கிண்டியில் நமக்கு ஒரே அலுவலகம், எதிரெதிர் மேஜை. சேலையூரில் அடுத்தடுத்த வீடு. போதாததற்கு ஒரு பழைய காரையும் சேர்ந்து வாங்கிக்கொண்டோம். "தனியா வாங்க வக்கில்ல, சேர்ந்து வாங்க வெக்கமில்ல" என்று அதை நீயே தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய். எங்கள் வீட்டில் கேட்டும் ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டும் இருந்ததால் வண்டி எங்களிடம் நிற்கும். எனக்கு ஓட்ட வராது என்பதால் ஓட்டுவது நீ. ஓடுகிறவரைக்கும் உன் வண்டி, நின்றுவிட்டால் என் வண்டி. தள்ளுவது எப்போதும் நான்தானே.

அது நிற்கப் பிறந்த வண்டி. மழை பெய்தால் நிற்கும், வெயில் அடித்தால் நிற்கும், மாமியார் ஏறினால் கட்டாயம் நிற்கும். நீ இறங்கி, சட்டைக் கையைச் சுருட்டி, பானெட்டைத் தூக்கினால் உன் முகத்தில் ஒரு கல்யாணக் களை வந்துவிடும். "மூணே விஷயம் மச்சான். பெட்ரோல் வரணும், காத்து வரணும், கரண்டு வரணும். இதுல எது வரலன்னு பாத்தா முடிஞ்சுது." முதலில் நீ பார்ப்பது எப்போதும் கரண்டுதான். பிளக்கிலிருந்து ஒயரைப் பிடுங்கி அதன் நுனியை இஞ்சின் உடம்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்வாய். நான் உள்ளே சாவியைத் திருக வேண்டும். நீலமாக ஒரு பொறி 'டப்'பென்று தாண்டினால் கரண்டு இருக்கிறது, தாண்டாவிட்டால் இல்லை. அதற்குப் பிறகுதான் பெட்ரோல், மற்றதெல்லாம். இந்த வரிசையை நீ மாற்றி நான் பார்த்ததே இல்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

எண்பத்தேழோ எண்பத்தெட்டோ, ஆயுத பூஜை. நீ ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஆள். ஆனால் ஆயுத பூஜை வந்தால் எங்கள் வீட்டில் உன் ஆர்ப்பாட்டம்தான் அதிகமாக இருக்கும். முந்தின நாள் சாயங்காலமே வண்டியைத் தேய்த்துக் குளிப்பாட்டி, வெளியே முடித்து, பானெட்டைத் திறந்து உள்ளேயும் துணியால் துடைத்து, உன் வீட்டு ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல் எல்லாவற்றையும் கோணிப்பையில் கொண்டுவந்து எங்கள் பூஜை அலமாரி முன்னால் வரிசையாக அடுக்கினாய். "என் வூட்டு ஆயுதமும் கும்புடணும் தங்கச்சி, அதுங்கதான் இந்த வண்டிய வெச்சு ரொம்பக் கஷ்டப்படுது" என்று விஜயாவிடம் சொன்னாய். வாழைக்கன்றை நீயே பம்பரில் கட்டினாய். இரவு பூஜை முடிந்து விஜயா சந்தனக் கிண்ணத்தோடு ஷெட்டுக்கு வந்தாள். ஸ்டியரிங்குக்கு ஒன்று, நாலு சக்கரத்துக்கும், கண்ணாடிக்கும் வைத்துவிட்டு, "உள்ள எங்கண்ணா வைக்கணும்?" என்று கேட்டாள். நீ இஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்த கறுப்பு மூடியைக் காட்டினாய். டிஸ்ட்ரிபியூட்டர். நாலு பிளக்குக்கும் கரண்டைப் பங்குபோட்டுக் கொடுக்கிற இடம். "இதுதாம்மா வண்டியோட உயிரு" என்றாய். உயிர் என்று சொன்ன பிறகு அவள் கஞ்சத்தனம் பண்ணுவாளா? தாராளமாக அள்ளி அப்பினாள். அதன்மேல் குங்குமம். அதன்மேல் கலசத் தண்ணீரையும் மூன்று தரம் தெளித்தாள். நீ கை கூப்பிக்கொண்டு நின்றாய்.

மறுநாள் காலை புனர்பூஜை முடிகிறவரைக்கும் ஆயுதம் எதையும் எடுக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். புனர்பூஜைக்கு நல்ல நேரம் அந்த வருஷம் மத்தியானத்துக்கு மேல்தான் இருந்தது. அதனால் என்ன, லீவுதானே என்று இருந்தோம். உன் மனைவியும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வீட்டில் நீயும் உன் அப்பாவும்தான்.

உன் அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். உனக்குத் தெரியாததில்லை, ஆனாலும் சொன்னால்தான் எனக்கு ஆறும். ரயில்வே கார்டாக இருந்தவர். லேட் என்பது அவருக்கு ஒரு கெட்ட வார்த்தை. பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்த பிறகும் வலது கையில் வாட்ச் கட்டிக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். உன் தம்பி ஸ்டீபன் மஞ்சுளாவை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டு வந்து நின்றபோது, "வேற சாமி கும்புட்ற பொண்ணுக்கு இங்க எடமில்ல, நீயும் இந்த வாசப்படி மிதிக்காத" என்று சொன்னவர். அந்தப் பெண்ணின் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டில் நாங்கள் கும்பிடுகிற சாமி அவருக்கு ஆகும், எங்கள் சுண்டல் ஆகும், எங்கள் கொழுக்கட்டை ஆகும், மருமகள் மட்டும் ஆகாது. இதை நான் ஒருதரம் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். "நீ சும்மா இரு" என்றார்.

ஸ்டீபனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்து, அன்று மத்தியானம்தான் விமானம். அவன் உன்னிடம் சொல்லி அனுப்பியது எனக்கும் தெரியும். "வீட்டுக்கு நான் வர மாட்டேண்ணா. அப்பா ஏர்போர்ட்டுக்கு வந்தா கால்ல விழுந்து கும்புட்டுட்டுப் போறேன்." நீ அப்பாவிடம் சொன்னாய். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒரு வாரமாக அதே சுவர். நீயும் விட்டுவிட்டாய்.

அன்று காலை நீ எங்கள் வீட்டு கேட்டைத் திறந்த வேகத்தில் அது சுவரில் மோதித் திரும்பி உன்னையே இடித்தது. "மச்சான், அப்பா ஷேவ் பண்ணி விடச் சொல்றாருடா. வெள்ளச் சட்ட கேக்கறாரு. ஏர்போர்ட் போலாம்னு சொல்லிட்டாரு!" உனக்கு மூச்சு வாங்கியது. "அவரு மனசு மாறதுக்குள்ள கூட்டிட்டுப் போயிடணும். எழுந்திரு, எழுந்திரு."

நாம் இருவருமாக அவரைத் தூக்கிவந்து பின் சீட்டில் உட்காரவைத்தோம். சட்டைக்குக் காலர் வரைக்கும் பொத்தான் போட்டிருந்தார். மடியில் பைபிள். நீ உட்கார்ந்து சாவியைத் திருகினாய். செல்ஃப் ஸ்டார்ட்டர் சுற்றியது. 'உர்ர் உர்ர்' என்று நல்ல தெம்பாகத்தான் சுற்றியது. இஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. மறுபடியும். மறுபடியும். நீ இறங்கி பானெட்டைத் தூக்கினாய். நானும் பழக்கத்தில் ஓட்டுநர் சீட்டில் போய் உட்கார்ந்து சாவியைப் பிடித்துக்கொண்டு, "கரண்டு பாக்கறியா?" என்று கேட்டேன்.

"பாக்கலாம்" என்றாய். ஆனால் பார்க்கவில்லை.

பேட்டரி முனையை ஆட்டிப் பார்த்தாய். ஹாரன் அடிக்கச் சொன்னாய், அடித்தேன். விளக்குப் போடச் சொன்னாய், எரிந்தது. கார்புரேட்டருக்கு வருகிற பெட்ரோல் டியூபைப் பிடுங்கினாய். திருகச் சொன்னாய். உன் உள்ளங்கையில் பெட்ரோல் கொட்டியது. அதையே மறுபடியும் பார்த்தாய். சோக்கை இழுக்கச் சொன்னாய், தள்ளச் சொன்னாய். ஏர் ஃபில்ட்டரின் நட்டை விரலாலேயே திருகப் பார்த்து நகம் பெயர்ந்தது. ஸ்பேனர் எல்லாம் பூஜையில் இருந்தன. நாலணாக் காசை ஸ்க்ரூ டிரைவராக வைத்து ஏதோ முடுக்கினாய். "பூஜையில இருந்து எடுத்துக்கோயேன்டா" என்றேன். "சும்மா இருடா. தங்கச்சி விரதமா இருக்கு" என்று என்னை அடக்கினாய்.

பின் சீட்டில் உன் அப்பா வாட்ச்சைப் பார்த்தார்.

"ஆட்டோ பாக்கலாமா?" என்றேன். "கால மடக்க முடியாதுடா அவரால." மின்சார ரயிலில் ஏற்றுவதும் நடக்காது. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கத்து டாக்ஸி ஸ்டாண்டுக்கு மிதித்தேன். அங்கே அத்தனை வண்டியும் மாலையும் கழுத்துமாக நின்றன. மேளக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவசரம், பக்கவாதக்காரர், மகன் விமானம் ஏறுகிறான் என்று எல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒரு டிரைவர் பொரியை மென்றுகொண்டே சொன்னார்: "பேஜார் பண்ணாத சார். பூஜ போட்டு மாலையோட நின்னுகினு கீது வண்டி. இன்னிக்கு எட்த்தா ஓனர் என்னிய உட்டுடுவானா? நாளிக்கு வா சார், அமெரிக்காவுக்கே இட்டுகினு போறேன்." கையில் ஒரு பொட்டலம் பொரியைத் திணித்து அனுப்பினார்.

நான் திரும்பிவந்தபோது தெரு கூடியிருந்தது. நீ வண்டியைத் தள்ளிக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தாய். நானும் பொரிப்பொட்டலத்தை வாயில் கவ்விக்கொண்டு தோள் கொடுத்தேன். வாழைக்கன்று முன்னால் ஆட, பின் சீட்டில் உன் அப்பா பிஷப் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்க, தெருக்கோடி வரைக்கும் ஊர்வலம் போனோம். கிளம்பவில்லை. திரும்ப இந்தக் கோடிக்குத் தள்ளிவந்தோம். கிளம்பவில்லை. கோயில் தேர்கூட ஒரு சுற்றோடு நிலைக்கு வந்துவிடும்.

உனக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. மறுபடியும் பெட்ரோல் டியூப். மறுபடியும் பேட்டரி. நடுநடுவே நீ இஞ்சினின் ஒரு பக்கமாகக் குனிந்து எதையோ பார்ப்பாய், கையை நீட்டுவாய், எடுத்துக்கொள்வாய். "கரண்டு பாருடா" என்று இரண்டாம் தரம் கத்தினேன். "பாக்கலாம், பாக்கலாம்." ஷெட்டிலிருந்து தெருவுக்கு, தெருவிலிருந்து பானெட்டுக்கு, பானெட்டிலிருந்து அப்பாவின் ஜன்னலுக்கு என்று ஓயாமல் அலைந்தாய்.

அப்போதுதான் விஜயா வந்தாள். கையில் உன் ஸ்பேனர்கள். சந்தனப் பொட்டோடு பூஜையிலிருந்து எடுத்துவந்திருந்தாள். "இந்தாங்கண்ணா. சாமிகிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன்." நீ வாங்கவே தயங்கினாய். வாங்கி, பேட்டரி முனையை முடுக்கினாய். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. எனக்கே தெரிந்தது. மறுபடியும் அதே பக்கம் குனிந்தாய், நிமிர்ந்தாய்.

உன் அப்பா பின்னாலிருந்து பேசினார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்கு வார்த்தை மெதுவாக வரும். "விட்ருங்கடா. கர்த்தருக்கு இஷ்டமில்ல போல. எறக்கி விடுங்க." பைபிளை மூடிக்கொண்டார்.

உன் முகம் போன போக்கை நான் மறக்கவில்லை. அவரை இறக்கிவிட்டால் அவர் மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார், பிறகு எந்த வண்டி கிளம்பினாலும் அவர் கிளம்ப மாட்டார் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ அழுகிற மாதிரி நின்றாய். இஞ்சினைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அண்ணா, அங்க என்ன அதையே பாத்துக்கிட்டிருக்கீங்க?" என்றாள் விஜயா.

"ஒண்ணுமில்லம்மா."

அவள் கிட்டே வந்து குனிந்தாள். அவள் அப்பிய சந்தனம் ராத்திரிப் பனியில் காயாமல், கலசத் தண்ணீரும் குங்குமமுமாகக் கரைந்து, அந்தக் கறுப்பு மூடி முழுக்க வழிந்து ஒயர் ஒயராக இறங்கியிருந்தது. கரண்டு பிளக்குக்குப் போகாமல் அந்த ஈரத்தின் வழியே ஒழுகிக்கொண்டிருந்திருக்கிறது. அவளுக்கு இஞ்சினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் உன் முகத்தைப் பார்த்தாள், சந்தனத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். புதுப் புடவைத் தலைப்பை இழுத்து அப்படியே அழுத்தித் துடைத்தாள். "ஐயோ, பொட்டும்மா அது" என்றாய் நீ. "இருக்கட்டும்ணா. பெரியவரக் கூட்டிட்டுப் போங்க மொதல்ல."

நீ மூடியைக் கழற்றினாய். உள்ளேயும் ஈரம். அவள் அதை வாங்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடி, ஸ்டவ் அனலில் காட்டி, அப்பளம் திருப்புகிற மாதிரித் திருப்பித் திருப்பிக் காயவைத்துக் கொண்டுவந்தாள். மாட்டினாய். நான் சாவியைத் திருகினேன். முதல் சுற்றிலேயே பிடித்தது.

தெருவே கை தட்டியது. உன் அப்பா மட்டும் வாட்ச்சைப் பார்த்தார்.

ஜி.எஸ்.டி. ரோடு முழுக்கப் பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தார்கள். சானடோரியம் தாண்டியதும் நீ ரோட்டைப் பார்த்தபடியே, என்னிடம் மட்டும், மெதுவாகச் சொன்னாய்.

"டிஸ்ட்ரிபியூட்டர்தான்னு எனக்கு மொதல்லயே தெரியும்டா."

"என்னது?"

"பானெட்டத் தூக்கின ஒடனே தெரிஞ்சுபோச்சு. தங்கச்சி கையால வெச்சது. நான்தானே எடம் காட்டினேன். வருஷத்துக்கு ஒரு நாளு. அத எப்படிடா தொடைக்கறது? வேற ஏதாவது இருக்கக்கூடாதான்னு பாத்தேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பின் சீட்டில் பெரியவர் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். "மடையா! என் பொண்டாட்டி மனசு கோணும்னா, அதுக்காக ஒங்கப்பா புள்ள மொகத்தப் பாக்காம இருக்கணுமா? கேட்டிருந்தா அவளே தொடைச்சிருப்பாளேடா!" குரோம்பேட்டையில் ஒரு லாரி ஷெட் வாசலில் மேளம், கூட்டம். நீ ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை. வாழைக்கன்று அங்கேதான் பிய்த்துக்கொண்டு போனது. பல்லாவரத்தில் தலைக்குமேல் ஒரு விமானம் ஏறிப் போயிற்று. மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம். அது எந்த ஊருக்குப் போகிற விமானம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

மீனம்பாக்கத்தில் நீ இஞ்சினை அணைக்கப் பயந்தாய். ஆக்ஸிலரேட்டரில் காலை வைத்துக்கொண்டு அது நடுங்குகிற நடுக்கத்தில் நீயும் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நான் இறங்கி ஓடினேன். வளைகுடாவுக்குப் போகிற ஒருவனை வழியனுப்ப வேன் வைத்து ஊரே வந்து நிற்கிற காலம் அது. அந்தக் கூட்டத்தில் மஞ்சுளா மட்டும் கம்பி ஓரமாகத் தனியாக நின்றாள். ஸ்டீபன் அவளை ஒருதரம் அலுவலகத்துக்குக் கூட்டிவந்திருந்ததால் எனக்கு முகம் தெரியும். என்னைப் பார்த்ததுமே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "இப்பத்தான் உள்ள போனாரு. இனிமே விடமாட்டாங்களாம். கடைசி வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னாரு."

நான் திரும்பி நடந்தேன். அவளும் பின்னாலேயே வந்து, காரைப் பார்த்ததும் தள்ளி நின்றுகொண்டாள். ஜன்னல் வழியாக விஷயத்தைச் சொன்னேன். நீ ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாய். உன் அப்பா வாட்ச்சைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். வாயில் புடவையை அடக்கிக்கொண்டு நின்ற சின்னப் பெண். பின்னால் போலீஸ்காரர் விசில் ஊதினார், வண்டியை எடு, வண்டியை எடு என்று காரின் தலையில் தட்டினார்.

"எங்க போகணும்?" என்றார் உன் அப்பா.

"பொழிச்சலூர், சார்" என்றாள். மாமனாரை சார் என்றாள். வேறு எப்படிக் கூப்பிடுவாள்?

பெரியவர் சரியாக வராத இடது கையை வலது கையால் எடுத்து மடியில் வைத்து, பக்கத்தில் இடம் பண்ணினார். "சீக்கிரம் ஏறும்மா. வண்டி நின்னா திரும்பக் கிளம்பாது" என்றார்.

ஏறினாள். நானும் ஓடி முன்னால் ஏறிக்கொண்டேன். பல்லாவரத்தில் பொழிச்சலூருக்குத் திரும்புகிற இடம் வந்ததும் நீ வேகத்தைக் குறைத்துக் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்தாய்.

"நேரா போ" என்றார்.

அவ்வளவுதான் சம்பந்தம் பேசி முடித்தது. ஸ்டீபன் முதல் லீவில் வந்தபோது, சுவர்ப்பக்கம் திரும்பாமல் படுத்திருந்த அப்பாவைத்தான் பார்த்தான். சிலுவைப் படத்துக்குக் கீழே, நெற்றியில் பொட்டோடு மஞ்சுளா அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். தாமதமானதும் நல்லதுக்குத்தான், சீக்கிரம் போயிருந்தால் மகனைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பியிருப்பார் என்று நீ பல வருஷம் சொல்லிச் சிரிப்பாய். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் எனக்கு எரியும். அது தற்செயல்டா. அதை வைத்துக்கொண்டு நீ பண்ணியது சரி என்று ஆகிவிடாது.

ஆனால் நீ அதைத்தான் பிடித்துக்கொண்டாய். போன வருஷம் மாடிப்படி ஏறும்போது உனக்கு மூச்சு வாங்கியது. பல் டாக்டரிடம் போனாய். கண் கண்ணாடி மாற்றினாய். மெத்தை சரியில்லை என்று இலவம்பஞ்சில் புதிது தைத்தாய். செருப்பை மாற்றினாய். "நெஞ்சப் பாத்தியா?" என்று கேட்டேன். "பாக்கலாம்டா" என்றாய். மகள் கைக்குழந்தையோடு வெளிநாட்டிலிருந்து வந்திருந்தாள், வீடே கொண்டாட்டமாக இருந்தது, பேத்தியின் ஞானஸ்நானம் முடியட்டும் என்று இருந்திருக்கிறாய். அந்தச் சந்தோஷத்தின்மேல் கை வைக்க உனக்கு மனசு வரவில்லை. ஞானஸ்நானம் முடிந்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் பக்கத்தில் நான் நின்றபோது, ஆக்சிஜன் குழாயை ஒதுக்கிக்கொண்டு சொன்னாயே, "மொதல்லயே தெரியும்டா மச்சான்." நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டாள். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

அன்றிலிருந்து எனக்கு இங்கிதம் போய்விட்டது. யாராவது ஒரு விஷயத்தைச் சுற்றிச் சுற்றி வந்தால் பொறுக்க மாட்டேன் என்கிறேன். கல்யாண வீட்டில், துக்க வீட்டில், எல்லாரும் தொடாமல் விட்ட இடத்தில்தான் முதலில் கை வைக்கிறேன். அது என்ன, ஏன் பார்க்கவில்லை, எப்போது பார்ப்பாய் என்று கேட்டுவிடுகிறேன். விஜயா என் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். சொந்தக்காரர்கள் என்னைக் கண்டால் நழுவுகிறார்கள். நழுவட்டும்.

போன வாரம் ஃபிளாட்டிலிருந்து சேலையூருக்கு, உன் வீட்டுக்குப் போனேன். மஸ்கட்டிலிருந்து திரும்பிய பிறகு ஸ்டீபனும் மஞ்சுளாவும் அங்கேதானே இருக்கிறார்கள். மஞ்சுளா மாடிப்படித் திருப்பத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா?" என்றேன். "வெறும் கேஸ்தாண்ணா. சோடா குடிச்சா போயிடும்." நெஞ்சா என்று நேராகக் கேட்டேன். அவள் ஸ்டீபன் இருக்கிற பக்கம் பார்த்து, மெதுவாக, "பூஜை முடியட்டுமே அண்ணா. அவரு பயந்துடுவாரு" என்றாள். உன் வீட்டுச் சோறு தின்றவள்தானே.

அதைத்தான் இன்று காலையிலிருந்து மென்றுகொண்டிருந்தேன். எதிர் ஃபிளாட்டுக்காரர் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டேன். இந்த வயதில் கற்றுக்கொண்டு ஓட்டுகிறேன் என்று நீ கேலி பண்ணுவாயே, அந்த லட்சணத்தில் காரை ஓட்டிக்கொண்டு உன் வீட்டு வாசலுக்குப் போய் ஹாரன் அடித்தேன். அவள் கையில் குங்குமச் சிமிழோடு வந்து நின்றாள். "பூஜை இன்னும் ஆகலண்ணா" என்றாள். நான் இஞ்சினை அணைக்கவில்லை. இறங்கவும் இல்லை. பின் கதவைத் திறந்துவிட்டு, "சீக்கிரம் ஏறும்மா. வண்டி நின்னா திரும்பக் கிளம்பாது" என்றேன். பொத்தானை அழுத்தினால் கிளம்புகிற வண்டி என்று அவளுக்குத் தெரியும். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். சிமிழை ஸ்டீபன் கையில் கொடுத்துவிட்டு, அழுதுகொண்டே சிரித்து, ஏறிக்கொண்டாள். ஸ்டீபன் ஒன்றும் புரியாமல், சிமிழும் கையுமாக அவனும் ஏறினான்.

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போதுதான் டாக்டர் வெளியே வந்தார். உன் மகள் வயசுகூட இருக்காது, அவ்வளவு சின்னப் பெண். "அடைப்பு இருக்கு சார். ஆனா இன்னைக்கே கூட்டிட்டு வந்ததால சரி பண்ணிடலாம். இன்னும் தள்ளிப்போட்டிருந்தா கஷ்டம்" என்றார். ஸ்டீபன் என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். விஜயாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன், சாமிக்கு நன்றி சொன்னாள். எல்லாரும் நிம்மதியாகிவிட்டார்கள். எனக்குத்தான் உட்கார முடியவில்லை, நாலு வரி எழுதிவிட்டு எழுந்து இந்த வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடக்கிறேன். இவ்வளவுதான்டா வேலை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் வாசலிலும் வந்து நின்று ஹாரன் அடித்திருப்பேனே.